லீட் டைம்: ‘கைசேர் காலம்’ சரிவருமா?

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் தெலுக் இந்தான் வட்டாரச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில் ஸ்டோர் கிராணிகளுக்கும் (எழுத்தர்கள்) எண்ணெய் ஆலையில் எடைப்பாலம் பார்ப்பவர்களுக்கும் விநியோகச் சங்கிலிப் பயிற்சி நடத்துகிறேன். (10 மலேசியரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் சம்பளத்தில் 1 விழுக்காட்டைப் பயிற்சி லெவியாகக் கட்டுகின்றன. கட்டிய பணம் சும்மா கிடக்கலாமா?) பாடம் மலாயில் இருக்கிறது. மூத்தவர்கள் தமிழில் ஒரு குறிப்பேடு கேட்கிறார்கள்.

லாஜிஸ்டிக்ஸுக்குத் ‘தளவாடம்’ என்று போட்டால் இங்கே மேசை நாற்காலிதான் நினைவுக்கு வரும். அந்தச் சண்டையை இன்னொரு மடலில் வைத்துக்கொள்வோம். இப்போதைக்கு லீட் டைம், அதாவது ஒரு பொருளைக் கேட்டதிலிருந்து அது வந்து சேரும் வரை ஆகும் காலம்.

‘முன்னணி நேரம்’ என்று ஒரு சொல் இணையத்தில் உலவுகிறது. யாருக்கு முன்னணி, எதில் முன்னணி? ‘காத்திருப்பு நேரம்’ பரவாயில்லை. ஆனால் எடைப்பாலத்தில் லோரி வரிசை பிடித்து நிற்பதற்கும் அதே பெயர்தான். ‘பயண நேரம்’ என்றால் வழியில் கழியும் நாள் மட்டும்.

பொட்டாஷ் உரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செம்பனை அதை வாரிக் குடிக்கும். மலேசியாவில் பொட்டாஷ் சுரங்கம் கிடையாது, கனடா போன்ற தூர நாடுகளிலிருந்து கப்பலில்தான் வரவேண்டும். கிராணி ஆர்டர் தாள் எழுதுகிறார், துரையின் (தோட்ட நிர்வாகி) கையெழுத்துக்கு அது மேசையில் கிடக்கிறது, தலைமையகம் விலை கேட்கிறது, அப்புறம் கப்பல், துறைமுகம், லோரி. கடைசியில் ஸ்டோர் வாசலில் மூட்டையை எண்ணி ஏட்டில் ஏற்ற வேண்டும். இத்தனையும் சேர்ந்ததுதான் லீட் டைம். பயிற்சிக்கு வருகிறவர்கள் கப்பலை மட்டும் கணக்கில் எடுப்பார்கள். கையெழுத்துக்குக் கிடந்த நாளை யாரும் எழுதுவதில்லை. 2022இல் உக்ரேன் போரும் பெலருஸ் மீதான தடைகளும் பொட்டாஷ் சந்தையை ஆட்டியபோது வெளியே எல்லாரும் விலையைப் பேசினார்கள். ஸ்டோர்காரரின் கேள்வி “எப்போது வரும்?” என்பதுதான்.

அதனால் ‘கைசேர் காலம்’ என்று வைக்கலாமா? கேட்ட நாள் முதல் பொருள் கைக்கு வந்து சேரும் வரை. கணக்கிலும் ஒட்டுகிறது: நாளுக்கு 20 லிட்டர் எண்ணெய் செலவு, கைசேர் காலம் 7 நாள், காப்பிருப்பு (அவசரத்துக்கென்று வைத்திருப்பது) 60 லிட்டர் என்றால், இருப்பு 200 லிட்டருக்கு இறங்கும்போதே அடுத்த ஆர்டர் போயாக வேண்டும்.

---

ஐயா, சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் நான் ஆலைக்காரன். எங்களுக்குக் குலை வெட்டியதிலிருந்து ஆவியில் வேகப் போகும் வரை உள்ள நேரம்தான் உயிர். 24 மணி நேரத்துக்குள் முடிக்கப் பார்ப்போம். அடிபட்ட பழத்தில் நொதி எண்ணெயை உடைக்கும், கொழுப்பு அமிலம் ஏறும், எண்ணெய்க்கு விலை இறங்கும். அதையும் ‘கைசேர் காலம்’ என்பீர்களா?

---

இல்லை தம்பி, அதை இதில் சேர்க்க வேண்டாம். நீங்கள் சொல்வது பழம் கெடும் கணக்கு, இது ஆர்டர் கணக்கு. ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டால் ‘காத்திருப்பு நேரத்துக்கு’ வந்த கதிதான் இதற்கும். உங்களுடையதற்கு ‘வெட்டு–வேக்காடு நேரம்’ என்று எழுதிப் பார்க்கிறேன். கொஞ்சம் சமையல்கட்டு வாடை அடிக்கிறது, ஆனால் ஆலையில் யாருக்கும் விளக்கவே வேண்டாம். இதைவிட நல்லது கைவசம் இருந்தால் வெள்ளிக்குள் அனுப்புங்கள், திங்கட்கிழமை குறிப்பேடு அச்சுக்குப் போகிறது.