பின் சக்கரத்து அச்சு உட்காரும் பிளவுக்குச் சொல் வேண்டும்

அல்சூர், செவ்வாய்:
வணக்கம். ஞாயிறன்று இங்கே பெங்களூர் அல்சூரில் பிள்ளைகளுக்குச் சைக்கிள் பழுதுபார்க்கும் வகுப்பு. கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். பிரேமின் பின்கோடியில் இருபக்கமும் ஒரு பிளவு இருக்குமே, அச்சு உட்கார்ந்து நட்டு முடுக்குகிற இடம், டிராப்அவுட், அதற்கு என்ன எழுத? வாக்கியம் இது: "நட்டு தளர்ந்தால் மிதிக்கும்போது செயின் அச்சின் வலப்பக்கத்தை முன்னால் இழுக்கும், டயர் இடப்பக்கக் குழாயில் உரசும், அச்சின் மரை அரம்போல......ஐத் தேய்க்கும்."

ஜெயநகர்:
அகராதியைப் பார்த்து, படிப்பைப் பாதியில் விட்டவருக்குச் சொல்லும் 'இடைநின்றவர்' என்று போட்டுவிடாதீர்கள்!

மல்லேசுவரம்:
இருசுக்கவை. கவை என்றால் பிளவு. அச்சு, 'அக்ஷ' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. மாட்டுவண்டிக்காரர் சொன்னது இருசு. உப்பு வணிகரான உமணர் வண்டியின் கீழ்மரத்தில் மாற்று அச்சு கட்டிப்போனதை ஔவையார் புறநானூற்றில் பாடுகிறார். ஸ்டெப்னிக்குத் தமிழ் அங்கேயே இருக்கிறது!

ஜெயநகர்:
ஐயா, அந்தப் பாட்டில் வருவது 'சேம அச்சு'. இருசு இல்லை. குறளிலும் 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்'தான். வள்ளுவருக்கு மேல் தூய்மை பார்ப்பானேன்? தச்சர்கள் பள்ளமாக வெட்டுவதைக் காடி என்பார்கள். அச்சுக்காடி என்று வைப்போம்.

அல்சூர்:
பெங்களூரில் காடி என்றால் வண்டி. பிள்ளைகள் எந்த வண்டி என்று கேட்பார்கள். தவிர, எங்கள் பாட்டிக்குக் காடி என்றால் புளித்த கஞ்சி.

அல்சூர், புதன்:
பழைய பிரேம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு சிவாஜிநகர் மெக்கானிக்கிடம் போனேன். வாஷரே இல்லாமல் முடுக்கியதில் நட்டு சுற்றிய இடத்தில் பெயிண்ட் வட்டமாகப் பெயர்ந்து இரும்பு பளபளத்தது. 10 மி.மீ. அச்சு பிளவில் லொடலொடவென்று ஆடியது. அவர் கட்டைவிரலை உள்ளே விட்டுப் பார்த்து, "வாய் அகண்டுபோச்சு சார். வாஷர் நட்டுக்கும் பிரேமுக்கும் நடுவுல இருக்கணும்" என்றார். அவருக்கு அது வெறும் வாய். அச்சுவாய் என்று எழுதட்டுமா?

ஜெயநகர்:
சரி. காடியை விட மனசில்லை, ஆனாலும் சரி.

இந்திராநகர்:
மூன்று நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். அச்சுவாய்க்கு என் ஓட்டும். கையேட்டை முடியுங்கள்.

மல்லேசுவரம், வியாழன் இரவு:
கையேடு அச்சுக்குப் போகிறது, உள்ளே அச்சுவாய் இருக்கிறது. படிக்கிற பிள்ளை அச்சகத்துக்கு வாய் எங்கே என்று தேடும். இருசு என்றால் இந்த வம்பே இல்லை. அடைப்புக்குறியிலாவது போடுங்கள்.