விபத்து நடந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டது என்மீது சட்டப் பொறுப்பைச் சுமத்திவிடுமா?

கேள்வி

மூன்று வாரங்களுக்கு முன்பு, ஒரு சந்திப்பில் காரைத் திருப்பியபோது, எதிரே நேராக வந்த மோட்டார் சைக்கிள்மீது மோதிவிட்டேன். ஓட்டி வந்தவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. நான் இறங்கி ஓடிச் சென்று, "மன்னித்துவிடுங்கள், உங்களை நான் பார்க்கவே இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் அருகிலேயே அமர்ந்திருந்தேன். மாலை இருட்டில் அவருடைய ஹெட்லைட் எரியாமல் இருந்தது என்பதை, அன்றிரவு என் காரின் டேஷ்கேம் பதிவைப் பார்த்தபோதுதான் அறிந்தேன்.

இப்போது அவர் தரப்பிலிருந்து வந்திருக்கும் இழப்பீட்டுக் கடிதத்தில், நான் அங்கேயே தவறை ஒப்புக்கொண்டுவிட்டதாகவும் அதற்கு இரண்டு சாட்சிகள் இருப்பதாகவும் எழுதியுள்ளார்கள். நான் கேட்ட மன்னிப்பே வழக்கை முடிவு செய்துவிடுமா? அவரை நேரில் சென்று பார்க்க விரும்புகிறேன்; உறவினர்களோ அந்தப் பக்கமே போகக் கூடாது என்கிறார்கள். அதுவும் சரியா?

முதல் பதில்

வாகன விபத்து வழக்குகளில் வாதாடும் வழக்கறிஞர் என்ற முறையில் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்டதால் மட்டும் எந்த நீதிமன்றமும் ஒருவரைப் பொறுப்பாளி என்று தீர்மானிப்பதில்லை. ஓட்டுநர் காட்ட வேண்டிய கவனத்தைக் காட்டினாரா, காட்டாததால்தான் காயம் ஏற்பட்டதா என்பதே கேள்வி. அதற்கு விடை சொல்பவை வாகனங்கள் நின்ற நிலை, டயர் தடங்கள், சேதத்தின் இடம், கேமரா பதிவு, சாட்சிகள் ஆகியவை. ஆனால் வழக்கின் ஒரு தரப்பினர் தமக்கு எதிராகச் சொன்ன சொல்லை எதிர்த்தரப்பு சாட்சியமாகக் கொண்டுவரலாம் என்பது இங்கிலாந்துச் சட்ட மரபைப் பின்பற்றும் பெரும்பாலான பொதுச்சட்ட (common law) நாடுகளில் உள்ள விதி. அப்படிக் கொண்டுவரப்பட்டாலும் அது முடிந்த முடிவு அன்று. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 31ஆம் பிரிவு இதை வெளிப்படையாகவே சொன்னது: ஒருவர் ஏற்றுச் சொன்னது அறுதியான நிரூபணம் ஆகாது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் இந்தக் கொள்கையைத் தொடர்கிறது.

சில நாடுகள் இதைத் தாண்டி, மன்னிப்புக்கென்றே பாதுகாப்பு அளித்துள்ளன. இங்கிலாந்து, வேல்ஸுக்கான 2006ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, மன்னிப்போ சிகிச்சைக்கு உதவ முன்வருவதோ தன்னளவில் கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2006இலும் ஒன்டாரியோ 2009இலும் இயற்றிய மன்னிப்புச் சட்டங்கள் இன்னும் விரிவானவை. தவறை ஒப்புக்கொள்ளும் தொனி இருந்தாலும் அந்த மன்னிப்பை உரிமையியல் வழக்கில் பொறுப்புக்குச் சான்றாகப் பயன்படுத்த முடியாது. ஹாங்காங்கிலும் 2017 டிசம்பர் முதல் இத்தகைய சட்டம் உள்ளது. கலிபோர்னியாவின் சாட்சியச் சட்டம், 1160ஆம் பிரிவில், நடுவே ஒரு கோடு போடுகிறது: விபத்தில் காயமடைந்தவரிடம் காட்டும் பரிவுக்குப் பாதுகாப்பு உண்டு, அதோடு சேர்த்துச் சொல்லப்பட்ட 'தவறு என்னுடையது' என்ற சொல்லுக்குப் பாதுகாப்பு இல்லை. டெக்சஸிலும் ஏறக்குறைய இதே நிலைதான். ஆகவே நீங்கள் எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் வருகிறீர்கள் என்பதைப் பொறுத்து, அதே வாக்கியத்தின் எடை மாறும்.

உங்கள் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழில் வருத்தம் தெரிவிப்பதற்குத் தவறு தேவையில்லை; மன்னிப்பு என்ற சொல் மட்டும் ஒரு தவறை முன்வைத்தே நிற்கிறது. ஆனாலும் பேச்சு வழக்கில் பதற்றத்தில் வரும் 'மன்னித்துவிடுங்கள்' பெரும்பாலும் பரிவின் சொல்லே. 'ஐயோ, தப்பாகிவிட்டதே' என்பதும் விபரீதம் நேர்ந்துவிட்டதே என்ற அலறல்தான். நான் கவலைப்படுவது அதற்கு அடுத்து நீங்கள் சொன்னதைப் பற்றி. 'பார்க்கவே இல்லை' என்பது ஓர் உண்மைக் கூற்று. கவனிக்காமல் திரும்பினீர்கள் என்று எதிர்த்தரப்பு அதற்குப் பொருள் கொள்ளும். விளக்கு எரியாததால் கண்ணில் படவில்லை என்று உங்கள் வழக்கறிஞர் பொருள் கொள்வார். இரண்டுக்கும் அது இடம் தருகிறது. அதனால் டேஷ்கேம் பதிவின் மூலக் கோப்பை வெட்டாமல், மாற்றாமல், மெமரி கார்டோடு இன்றே பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாம் பதில்

காப்பீட்டுக்காக வாகனச் சேதங்களை மதிப்பிடும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். பல காப்பீட்டுப் பத்திரங்களில், நிறுவனத்தின் எழுத்துமூலமான இசைவு இல்லாமல் பொறுப்பை ஏற்கவோ பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்ற நிபந்தனை இருக்கும். விபத்து இடத்தில் சொன்ன மன்னிப்பைவிட, மறுநாள் "செலவு முழுவதையும் நானே தந்துவிடுகிறேன்" என்று அனுப்பும் ஒரு வாட்ஸ்அப் செய்திதான் அந்த நிபந்தனையில் சிக்கும். ஒன்டாரியோ, ஹாங்காங் சட்டங்கள் மன்னிப்பைக் காரணம் காட்டிக் காப்பீட்டை மறுக்க முடியாது என்று தனியாகவே சொல்லியிருப்பதற்கு இந்த அச்சம்தான் காரணம். நீங்கள் அங்கு என்ன சொன்னீர்களோ, அதை ஒரு சொல்லும் மறைக்காமல் உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் தெரிவித்துவிடுங்கள். மறைத்தது பின்னர் சாட்சிகள் வழியே வெளிவந்தால், உங்கள் மற்ற வாக்குமூலமும் நம்பிக்கை இழக்கும்.

ஹெட்லைட் எரியவில்லை என்பதால் பழி முழுவதும் அவர்மீது போய்விடும் என்றும் எண்ண வேண்டாம். நேராக வருபவருக்கு வழிவிடும் கடமை திரும்புபவருக்கே இருக்கிறது. பெரும்பாலும் பொறுப்பு இருவருக்கும் விகிதமாகப் பிரிக்கப்படும். அந்த அளவுக்கு அவருக்குரிய தொகை குறையும்.

மூன்றாம் பதில்

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். என்மீது மோதிய காரின் ஓட்டுநர், நான் சாலையில் கிடந்தபோது கண்ணாடியைக்கூட இறக்காமல் காருக்குள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு யாரோ அப்படி அறிவுரை சொல்லியிருக்கலாம். சமரசம் பேச அழைத்தபோது நான் இணங்கவே இல்லை. பணம் போதாது என்பது காரணமில்லை; அவர் ஒரு வருத்தச் சொல்கூடச் சொல்லவில்லை என்பதே காரணம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1986இல் கொண்டுவந்த சட்டம், விபத்தில் காயமடைந்தவருக்கும் அவர் குடும்பத்துக்கும் தெரிவிக்கும் அனுதாபத்தைப் பொறுப்புக்குச் சான்றாக ஏற்கக் கூடாது என்கிறது. சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் மகள் கார் மோதி இறந்தபோது, ஓட்டுநர் வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை என்ற துயரத்திலிருந்து அந்தச் சட்டம் பிறந்தது என்று அறிந்தபோது, அந்தத் தந்தையின் மனம் எனக்கு முழுமையாக விளங்கியது. நீங்கள் அவர் அருகில் அமர்ந்திருந்தீர்கள். அதற்காக ஒருபோதும் வருந்தாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. கோப்பைப் பத்திரப்படுத்திவிட்டேன், காப்பீட்டு நிறுவனத்துக்கும் நடந்ததை முழுமையாக எழுதி அனுப்பிவிட்டேன். அவரைப் பார்க்கச் சென்றால் என்ன பேசலாம்?

முதல் பதில் எழுதியவர்

இழப்பீட்டுக் கடிதம் வந்துவிட்டதால், செல்வதற்கு முன் உங்கள் வழக்கறிஞரிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்கள். அவர் தரப்பில் வழக்கறிஞர் இருந்தால் அவர் வழியாக, வரலாமா என்று கேளுங்கள். சென்றால், கை எப்படி இருக்கிறது, வலி குறைந்திருக்கிறதா என்று கேளுங்கள். "உங்களுக்கு இப்படி நேர்ந்ததற்கு மிகவும் வருந்துகிறேன்" என்று மனமாரச் சொல்லுங்கள். யார் எந்த வேகத்தில் வந்தார்கள், விளக்கு எரிந்ததா என்ற பேச்சை நீங்கள் எடுக்க வேண்டாம். அவர் எடுத்தால், அதை இருவருடைய வழக்கறிஞர்களும் பார்த்துக்கொள்வார்கள் என்று பணிவாகச் சொல்லிவிட்டு, மீண்டும் அவருடைய உடல்நலத்தைப் பற்றியே பேசுங்கள்.