கல்யாண வீடியோ 4கே ஃபைல் பிசில திக்கித் திக்கி ஓடுது, பிளேஸ்டேஷன்ல ஓடவே இல்ல, உதவி பண்ணுங்க

மேலூர்க்காரன்:
வணக்கம் மக்களே, தங்கச்சி கல்யாண வீடியோ போன வாரம் கைக்கு வந்துச்சு, 38 ஜிபி ஒரே எம்பி4 ஃபைல், ரெண்டே முக்கால் மணி நேரம் ஓடும். ஞாயித்துக்கிழமை சொந்தக்காரங்க எல்லாம் பாக்க வராங்க. ஹால்ல 43 இஞ்ச் 4கே டிவி, அதுல ஹெச்டிஎம்ஐ வழியா பிசி, ஐ5 6500, 8 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, விண்டோஸ் 10. போட்டா சத்தம் முன்னாடி போயிடுது படம் பின்னாடி நொண்டிக்கிட்டு வருது, கெட்டிமேளம் அடிச்சு ஓஞ்சப்புறம்தான் மாப்ள தாலியையே கையில எடுக்குறார். இதுல கருப்பு கோட்டு வேற சாம்பல் கலர்ல தெரியுது. பெரியப்பா வீட்ல இருக்குற பிளேஸ்டேஷன் 4ல போட்டா ஃபைலைத் திறக்கவே மாட்டேங்குது. ஆனா போன்ல எடுத்த 4கே வீடியோ இதே பிசில வெண்ணெய் மாதிரி ஓடுது, அதுதான் குழப்பம்.

சுந்தர்_பிசி:
ப்ரோ வீடியோவைப் பிரிச்சுக் காட்டுற கோடெக் பேக் ஒண்ணு இறக்கிப் போடுங்க சரியாயிடும்.

ரீல்பெட்டி:
தயவுசெஞ்சு அதைப் போட்டுறாதீங்க, விஎல்சி மாதிரி பிளேயருக்கு அதெல்லாம் தேவையே இல்ல, உள்ளயே எல்லாம் இருக்கு. தம்பி, மீடியாஇன்ஃபோன்னு ஃபைல் விவரம் காட்டுற சாஃப்ட்வேர்ல ஃபைலைத் திறந்து வீடியோ பகுதில என்ன இருக்குன்னு போடுங்க. அப்படியே டாஸ்க் மேனேஜர் திறந்து வச்சு ஓட்டிப் பாருங்க.

மேலூர்க்காரன்:
ஹெச்இவிசி, மெயின் 10, 3840 x 2160, 25 ஃப்ரேம், 10 பிட், 30 எம்பிபிஎஸ் சொச்சம். சிபியூ 100ல ஒட்டிக்கிட்டு நிக்குது. ஜிபியூ பக்கத்துல வீடியோ டீகோட்னு ஒரு கோடு, அது அசையவே இல்ல. போன் வீடியோ போட்டா அந்தக் கோடு ஏறுதுண்ணா.

ரீல்பெட்டி:
அங்கதான் இருக்கு விஷயம். ஹெச்இவிசிங்கிறது வீடியோவைச் சுருக்கி வைக்கிற ஒரு முறை, 10 பிட்னா 8 பிட்டை விட நிறத் தகவல் ஜாஸ்தி. உங்க போன் வீடியோ 8 பிட்டா இருக்கும். 6வது தலைமுறை இன்டெல்ல 8 பிட் ஹெச்இவிசியைப் பிரிக்க தனி சர்க்யூட் உண்டு, 10 பிட்டுக்கு முழுசா வந்தது 7வதுல இருந்துதான். அதனால மொத்த பாரமும் சிபியூ தலையில விழுது, பாவம் அதால ஓட முடியல. பிளேயரை மாத்தி மாத்திப் போட்டாலும் இதேதான், தனியா கிராஃபிக்ஸ் கார்டு போடணும். ஜிடி 1030 மாதிரி சின்ன கார்டே 10 பிட்டைப் பிரிச்சிடும், தனி பவர் கேபிளும் வேணாம்.

ஆனா ஞாயித்துக்கிழமைக்கு கார்டெல்லாம் எதுக்கு, ஃபைல் இருக்குற ஹார்ட் டிஸ்கை நேரா டிவி யூஎஸ்பில சொருகிப் பாத்தீங்களா? 4கே டிவில பெரும்பாலும் 10 பிட் ஹெச்இவிசி உள்ளயே ஓடும்.

பிளேஸ்டேஷன் 4 கதை வேற. அதோட மீடியா பிளேயருக்கு ஹெச்இவிசியே தெரியாது, அதுக்கு முந்தின சுருக்க முறை ஹெச்.264தான். ஹேண்ட்பிரேக்னு வீடியோ மாத்துற சாஃப்ட்வேர்ல 1080பி, ஹெச்.264, தரத்துக்கு ஆர்எஃப் 18, 25 ஃப்ரேம் கான்ஸ்டன்ட்னு வச்சு ஒரு காப்பி எடுங்க, சத்தம் ஏஏசி. பென் டிரைவ் ஃபேட்32ங்கிற ஃபார்மேட்ல இருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல் ஏறாது, எக்ஸ்ஃபேட்டா ஃபார்மேட் பண்ணிக்கோங்க. ஒரிஜினலை மட்டும் அழிச்சிராதீங்க!

சாம்பல் கோட்டுக்கு: கருப்புல இருந்து வெள்ளை வரைக்கும் பிசி 16 முதல் 235 வரைக்கும் அனுப்புது, டிவி 0 முதல் 255 வரைக்கும் எதிர்பாக்குது, அதான் வெளுத்துப் போகுது. இன்டெல் கிராஃபிக்ஸ் செட்டிங்ல குவாண்டைசேஷன் ரேஞ்ச்னு இருக்கும், அதை ஃபுல்னு மாத்துங்க. இல்லன்னா டிவில ஹெச்டிஎம்ஐ பிளாக் லெவலை லோ ஹைன்னு மாத்திப் பாருங்க. ஏதாவது ஒண்ணைத்தான் மாத்தணும், ரெண்டையும் மாத்தினா இப்ப வெளுத்தது அப்ப கரியாயிடும், கொண்டையில முடி எது பூ எதுன்னு தெரியாது.

மேலூர்க்காரன்:
அண்ணே!!! டிவில சொருகினேன், ஜம்முனு ஓடுது. இந்த அறிவு எனக்கு வரலையே, ஒரு வாரமா பிசியோட மல்லுக்கட்டிட்டு இருந்தேன். ஹேண்ட்பிரேக் ராத்திரி போட்டுட்டுத் தூங்கிட்டேன், காலைல 9 ஜிபில ரெடி, பெரியப்பா வீட்லயும் ஓடிருச்சு. பிசிலயும் அந்த காப்பி ஓடுது, கோட்டும் கருப்பாயிடுச்சு. ஒரே ஒரு குறை, மாப்ள அழைப்புல கேமரா பக்கவாட்டுல போறப்ப மட்டும் பிசில லேசா இடிக்குது, டிவி யூஎஸ்பில அந்த இடி இல்ல. சிபியூ இப்ப 10 கூட இல்ல.

பழையமானிட்டர்:
டெஸ்க்டாப் எத்தனை ஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு எத்தனை தரம் படம் மாறுற மாதிரி வச்சிருக்கீங்க?

மேலூர்க்காரன்:
4கேல 30. அதுக்கு மேல காட்டவே மாட்டேங்குது சார்.

பழையமானிட்டர்:
அந்த மதர்போர்டுல ஹெச்டிஎம்ஐ 1.4தான் இருக்கும், 4கேல 30 தாண்டாது. 25 ஃப்ரேம் வீடியோவை 30 ஹெர்ட்ஸ்ல காட்டணும்னா செகண்டுக்கு 5 ஃப்ரேமை ரெண்டு தரம் காட்டியாகணும், அந்த அஞ்சு இடி தான் உங்க கண்ணுல படுது. நம்ம ஊர் கல்யாண வீடியோ நிறைய 25லதான் வரும், பழைய பால் (PAL) முறை டிவி காலத்துப் பழக்கம். ரெசல்யூஷனை 1080பி ஆக்கி 50 ஹெர்ட்ஸ் வைங்க, ஒவ்வொரு ஃப்ரேமும் சரியா ரெண்டு தரம் வரும். அந்தக் காப்பியே 1080பிதானே, நஷ்டம் இல்ல.

மேலூர்க்காரன்:
50 வச்சேன் சார், இடி சுத்தமா போச்சு. ஞாயித்துக்கிழமையும் நல்லபடியா ஓடிச்சு, ஆனா மூணு மணி நேரத்துல முடிய வேண்டியது அஞ்சு மணி நேரம் ஆச்சு, மொய் எழுதுற இடத்துல அம்மா நிறுத்தி நிறுத்தி யார் வந்தா யார் வரலன்னு எண்ணிக்கிட்டு இருந்தாங்க.

ரீல்பெட்டி:
அதுக்கு செட்டிங் கிடையாது தம்பி.