காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறோம், யோசனை வேண்டும்

வணக்கம். பங்காளிகள் எல்லாரும் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டதால் முற்றத்தைச் சுற்றிக் கட்டிய எங்கள் வளவு வீட்டைக் குடியிருக்கத் தோதாக மாற்றப் போகிறோம். பர்மா தேக்குத் தூண், கதவு நிலை எதையும் தொடப்போவதில்லை. தலைவலி சுவர்தான். முகப்பில் முட்டை வெள்ளைக்கரு கலந்த பழைய சுண்ணாம்புப் பூச்சு இன்றும் பளிங்கு மாதிரி வழுவழுவென்று இருக்கிறது, ஆனால் இரண்டாங்கட்டில் (முற்றத்தைத் தாண்டிய உள்பகுதியில்) யாரோ எப்போதோ சிமெண்ட் பூசி அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்துவிட்டதால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இடுப்பளவுக்கு உப்புப் பூத்து உதிர்கிறது. மேஸ்திரி வாட்டர்புரூஃபிங் அடித்தால் போதும் என்கிறார், எனக்கு நம்பிக்கையில்லை. சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, கடுக்காய் வெல்லம் ஊறவைத்த தண்ணீர் சேர்த்துச் சுண்ணாம்பு பூசத் தெரிந்த ஆட்கள் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் இருக்கிறார்களா? சதுர அடிக்கு என்ன கேட்கிறார்கள்?

அப்புறம், சுவரை வெட்டாமல் வயரிங் செய்தவர்கள் போட்டோ போடுங்கள். முற்றம் இருப்பதால் ஏசி ஒரே ஒரு அறைக்குத்தான். தரையில் ஆத்தங்குடிக் கல் (கையால் வார்க்கும் வண்ணத் தரை ஓடு) உடைந்த இடத்துக்குப் புதிதாக வார்த்து வாங்கிப் பதித்தால் நிறம் தனியாகத் தெரியுமா? பாலிஷ் மெஷின் போடச் சொல்லாதீர்கள், மேலே இருக்கும் வண்ணப் படலமே தேய்ந்துவிடும்.