கல்வெட்டு என்றால் கல் எங்கே?

படுவான்கரையான் எழுதியது:

போன ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்பு டவுனில் ஒரு நூல் வெளியீடு. பேச வந்த ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்: “மட்டக்களப்பார் எதற்கெடுத்தாலும் கல்வெட்டு, கல்வெட்டு என்கிறார்கள். கல் எங்கே? எல்லாம் 1962 இல் அச்சான கதை.” சபையில் பாதிப் பேர் கைதட்டினார்கள். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்றால் ஓலை. கோயிலில் எந்தக் குடிக்கு, அதாவது எந்தத் தாய்வழிக் குலத்துக்கு என்ன உரிமை, யார் எந்த ஊழியம் செய்வது, முதல் மரியாதை யாருக்கு, இதையெல்லாம் பாட்டாகவும் வசனமாகவும் ஏட்டில் எழுதி வைத்து அதைத்தான் கல்வெட்டு என்று சொல்லி வந்தார்கள். பங்கு கூறும் கல்வெட்டு அப்படி ஒன்று. திருவிழாவில் தகராறு வந்தால் கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர் அந்த ஏட்டைத்தான் பார்ப்பார். கல்லைத் தேடிக்கொண்டு காட்டுக்குள் போகமாட்டார். இது தெரியாத ஆளை மேடையில் ஏற்றியது யார்?

கோட்டைமுனை நேசன் எழுதியது:

அண்ணன், கோபப்படாமல் கேளுங்கள். கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டியது. சிறுபிள்ளைக்கும் தெரியும். ஓலையில் கீறியதைக் கல்வெட்டு என்று நீங்கள் சொல்லிக்கொள்ளலாம், உலகம் ஏற்காது. அந்தப் பேச்சாளர் கேட்டது நியாயமான கேள்வி. கல் எங்கே?

படுவான்கரையான் எழுதியது:

உலகம் ஏற்காது என்றால் உலகத்துக்கு மட்டக்களப்புத் தமிழ் தெரியாது என்று அர்த்தம். நாங்கள் என்ன செய்ய?

1962 கதைக்கும் வருகிறேன். எங்கள் பழைய சரித்திரம் சொல்லும் மட்டக்களப்பு மான்மியத்தை அந்த வருஷம் எஃப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்தார். பதிப்பித்தார், எழுதவில்லை. ஏட்டில் கிடந்ததை அச்சுக்குக் கொண்டுவந்தார். சங்க இலக்கியம் 19 ஆம் நூற்றாண்டில் அச்சுக்கு வந்தது. அதனால் அது 19 ஆம் நூற்றாண்டுக் கதை என்று அந்த மேடையில் சொல்லிப் பார்க்கட்டும், கைதட்டுகிறார்களா பார்ப்போம். எங்களுடையது என்றால் மட்டும் நாக்கு நீளும்.

திருக்கோயில் பிள்ளை எழுதியது:

கல் வேண்டுமா? எங்கள் ஊருக்கு வாருங்கள். சித்திரவேலாயுத சுவாமி கோயிலில் விஜயபாகு பெயர் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. கல்லிலேதான் வெட்டியிருக்கிறது. இனி வாயை மூடலாம்.

கோட்டைமுனை நேசன் எழுதியது:

திருக்கோயில் கல்லை யார் இல்லை என்றது? மான்மியத்தில் வருகிற கல்வெட்டுகளுக்குத்தான் கல் கேட்டேன். ஒரு கல்லைக் காட்டி ஐம்பது ஓலையைக் கடத்தப் பார்க்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். அதே மான்மியத்தில் பறங்கியர் என்ற போர்த்துக்கேயர் வருகிறார்கள், ஒல்லாந்தர் வருகிறார்கள். ஒல்லாந்தர் இங்கே கோட்டையைப் பிடித்தது 1638. அப்படியானால் அந்த ஏடு இன்று இருக்கிற வடிவத்தில் அதற்குப் பிறகுதானே எழுதப்பட்டிருக்க வேண்டும்? 1215 இல் படையெடுத்து வந்த அரசன் கலிங்க மாகனை, நீங்கள் மாகோன் என்கிறவனைப் பற்றி நானூறு வருஷம் கழித்து எழுதியவர் கண்ணால் பார்த்தாரா?

படுவான்கரையான் எழுதியது:

மகாவம்சத்தை எழுதியவர் விஜயன் கரையிறங்கியதைக் கண்ணால் பார்த்தாரா? அதைப் பள்ளிக்கூடத்தில் பாடமாகப் படித்தபோது எங்கே போயிருந்தது இந்தக் கேள்வி?

ஏடு என்பது ஒரே நாளில் எழுதி மூடி வைக்கிற சாமான் இல்லை தம்பி. ஓலை பழுதாகும், பூச்சி அரிக்கும், அடுத்த தலைமுறை புதிய ஓலையில் பார்த்து எழுதும். எழுதுகிறவன் தன் காலத்துச் சங்கதியையும் கடைசியில் சேர்ப்பான். கடைசி ஓலையில் ஒல்லாந்தன் இருப்பதால் முதல் ஓலையும் ஒல்லாந்தன் காலம் ஆகிவிடாது. வீட்டுக்குப் புதுக்கூரை போட்டால் அத்திவாரமும் புதிதா?

எழுத்தாணி எழுதியது:

நான் ஏடுகளோடு வேலை செய்கிறவள். இரண்டு பேரும் ஏட்டைக் கையில் தொட்டுப் பார்த்துவிட்டுக் கதைத்தால் நல்லது.

ஏட்டில் புள்ளி இல்லை. எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். காலும் (ா) ரகரமும் ஒன்று. மாகோன் என்ற பெயர் ஏட்டில் ‘மரகெரன’ என்றுதான் நிற்கும். இடைவெளியும் இல்லை, ஒரே கோடாக ஓடும். வாசிக்கிறவர் ஊரையும் குடியையும் தெரிந்தவராக இருந்தால்தான் பெயர் பெயராக வரும். ஆகவே அச்சில் இருப்பதை மட்டும் வைத்துச் சண்டை பிடிப்பதில் அர்த்தம் இல்லை. 2005 இல் கமலநாதன் தம்பதியர் மட்டக்களப்புப் பூர்வ சரித்திரம் என்று ஏட்டுப் பிரதிகளைப் பார்த்து வெளியிட்டார்கள். அதையும் மான்மியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று பார்த்தால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

என் கவலை வேறு. வீடுகளிலும் கோயில்களிலும் மிச்சம் இருக்கிற ஏடுகள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்கோ ஒலுவில் பல்கலைக்கழகத்துக்கோ வரவேண்டும். பல்கலைக்கழக நூலகத்தில் ஒழுங்காகப் பட்டியல் போட்டு, எண்ணெய் தடவி, படம் பிடித்து வைத்தால் எந்த மேடையில் எவர் கேட்டாலும் காட்டலாம்.

கோட்டைமுனை நேசன் எழுதியது:

தங்கச்சி சொல்வது சரி. ஆனால் அதுவும் ஓலைதான், கல் இல்லை.

சம்மாந்துறைக் காக்கா எழுதியது:

ஆளுக்காள் மட்டக்களப்பார், மட்டக்களப்பார் என்கிறீர்கள். மட்டக்களப்பு என்ற பெயரே முதலில் எங்கள் பக்கத்துக்குத்தான் இருந்தது. சம்மாந்துறைதான் பழைய துறை. இன்றைய டவுன் இருக்கிற புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628 இல் கோட்டை கட்டிய பிறகுதான் பெயர் வடக்கே போனது. 1602 இல் ஒல்லாந்துக் கப்பல் தலைவன் ஸ்பில்பேர்கன் வந்து மட்டக்களப்பு அரசனைக் கண்டபோது இன்றைய டவுனில் கோட்டையும் இல்லை, கொத்தளமும் இல்லை. இதைக் கட்டாயம் பதிந்துகொள்ளுங்கள்.

படுவான்கரையான் எழுதியது:

காக்கா, பெயர் எங்கே தொடங்கினால் என்ன, நான் கேட்பது கல்வெட்டு என்ற சொல்லைப் பற்றி.

சம்மாந்துறைக் காக்கா எழுதியது:

பெயரை எடுத்துக்கொண்டு போனவர்களுக்குப் ‘பெயர் எங்கே தொடங்கினால் என்ன’ என்றுதான் இருக்கும். 1961 இல் மாவட்டத்தை வெட்டி அம்பாறை என்று பெயர் வைத்தார்கள், எங்கள் ஊருக்கு இருந்த பழைய பெயரும் போச்சு. இப்போது சரித்திரத்திலும் இடம் இல்லையா? எங்களுக்கும் தாய்வழிக் குடி இருக்கிறது. பள்ளிவாசலில் குடிக்கு ஒரு மரைக்காயர் இருக்கிறார். நீங்கள் வண்ணக்கர் என்பதும் நாங்கள் மரைக்காயர் என்பதும் ஒரே மண்ணின் முறைதான். ஏடு என்றால் கோயில் ஏடு மட்டும் என்று நினைக்கிறீர்கள்.

திருக்கோயில் பிள்ளை எழுதியது:

அம்பாறை மாவட்டத்தில்தான் திருக்கோயிலும் இருக்கிறது காக்கா. கல் எங்களிடம் இருக்கிறது. துறை எது என்று நீங்கள் கல்லைக் காட்டிச் சொல்லுங்கள்.

கோட்டைமுனை நேசன் எழுதியது:

பாருங்கள், இப்போது திருக்கோயிலாரும் கல் கேட்கிறார். நான் கேட்டால் மட்டும் துரோகி.

படுவான்கரையான் எழுதியது:

தங்கச்சி எழுத்தாணிக்கு இதைச் சொல்லவேண்டும். பல்கலைக்கழகத்துக்கு ஏட்டைக் கொடு என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள்.

எங்கள் அம்மம்மா வீட்டு அடுப்படிப் பரணில் ஒரு பெட்டி இருந்தது. புகை பட்டால் பூச்சி அண்டாது என்று அங்கே வைத்திருந்தார்கள். உள்ளே ஏடுகள், ஒவ்வொன்றும் இரண்டு மரச்சட்டத்துக்கு நடுவில் நூல் போட்டுக் கட்டியது. திறந்தால் வேப்பெண்ணெய் மணமும் புகை மணமும் சேர்ந்து வரும். ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் தேன் நிறம். கரிபூசித் துடைத்தால்தான் எழுத்து எழும்பி வரும். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்தக் கரியை மாமா தடவுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஒன்றுமில்லாத ஓலையில் வரி வரியாக எழுத்து வரும்.

பிறகு ஆராய்ச்சி என்று ஒருவர் வந்தார். இரவலாகக் கொண்டுபோய் இரண்டு கிழமையில் தருகிறேன் என்றார். அம்மம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து ஒரு ஏட்டையும் கொடுத்தார். அந்த ஏடு இன்று வரை வரவில்லை. அம்மம்மா சாகும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார். இனி ஒரு சேர், ஒரு கடிதத்தலைப்பு, ஒரு ரசீது என்று எதைக் காட்டினாலும் எங்கள் வீட்டில் இருந்து ஒரு இணுக்கு ஓலை வெளியே போகாது.

எழுத்தாணி எழுதியது:

அண்ணன், அது மனவேதனையான விஷயம். ஆனால் ஒரு ஆள் செய்ததற்காக நூலகத்தைத் தண்டிக்கலாமா? நூலகத்துக்கு வந்தால் எண் இருக்கும், பதிவு இருக்கும். பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தில் ஓலைச்சுவடிகளைத் தனிச் சேகரிப்பாகவே வைத்திருக்கிறார்கள். ஹியூ நெவில் என்ற வெள்ளைக்கார உத்தியோகத்தர் இலங்கை முழுக்கச் சேர்த்த 2,227 சுவடிகளை 1904 இல் பிரித்தானிய அருங்காட்சியகம் வாங்கியது. அவை இன்றும் லண்டனில் இருக்கின்றன, ஆராய்கிறவன் போய்ப் பார்க்கிறான். வீட்டில் இருந்தவை எத்தனை இருக்கின்றன? 1978 நவம்பர் சூறாவளியில் கூரையோடு போனவை எத்தனை?

படுவான்கரையான் எழுதியது:

லண்டனை எனக்கு உதாரணம் காட்டவேண்டாம். எங்கள் சாமானை எடுத்துப் போனவனுக்கு நன்றி சொல்லச் சொல்கிறீர்களா?

நூலகம் பாதுகாப்பு என்றால் 1981 இல் யாழ்ப்பாணத்தில் எரிந்தது என்ன? 97,000 புத்தகம், அதோடு ஏடுகளும். ஓரிடத்தில் சேர்த்து வைத்ததால் ஓரிரவில் போனது. வந்தாறுமூலை என்கிறீர்கள். 1990 இல் அந்த வளாகமே அகதி முகாம். அங்கிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்களே, திரும்பி வந்தார்களா? மனிதனுக்கே பாதுகாப்பு இல்லாத இடத்தில் ஓலைக்கு என்ன பாதுகாப்பு?

எழுத்தாணி எழுதியது:

அதனால்தான் படம் பிடிக்கச் சொல்கிறேன். ஏடு உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும். வீட்டு முற்றத்துக்கே கமரா கொண்டுவந்து படம் எடுத்துத் தரலாம். ‘நூலகம்’ என்ற பெயரில் இருக்கிற நிறுவனம் ஏடுகளை மின்படியாக்கி இணையத்தில் எல்லோரும் பார்க்க வைத்திருக்கிறது. ஓலை எரிந்தாலும் எழுத்து மிஞ்சும். இதில் உங்களுக்கு என்ன நட்டம்?

படுவான்கரையான் எழுதியது:

படம் எடுத்தால் கல்வெட்டை நாலு பேர் வாசிப்பார்கள், எங்கள் குடிக்கு உரிய பங்கைப் பற்றி இன்னொரு குடி கோயிலில் வந்து கேள்வி கேட்கும். ஏடு வாசிக்க ஒரு முறை இருக்கிறது. விளக்கு வைத்து, கும்பிட்டுத் திறப்பது. போனில் விரலால் தள்ளிப் பார்க்கிற சாமான் இல்லை அது.

கோட்டைமுனை நேசன் எழுதியது:

இப்போது விளங்குகிறதா? மேடையில் காட்டு என்றால் ஆதாரம் ஏட்டில் இருக்கிறது என்கிறார். ஏட்டைக் காட்டு என்றால் காட்டமாட்டேன் என்கிறார். அந்தப் பேச்சாளர் கேட்டதில் என்ன பிழை? கல்லாக இருந்தால் வெயிலில் நிற்கும், வருகிறவன் போகிறவன் எல்லாம் வாசிப்பான். இது பெட்டிக்குள் கிடக்கிற சரித்திரம்.

படுவான்கரையான் எழுதியது:

பெட்டிக்குள் கிடந்தபடியால்தான் தப்பியது! வெளியே நின்ற கல்லை எல்லாம் போர்த்துக்கேயன் உடைத்துக் கோட்டைக்கு அத்திவாரம் போட்டான். கல்லைக் கேட்கிற தம்பி முதலில் கோட்டையைக் கிண்டிப் பார்க்கட்டும்.

கோட்டைமுனை நேசன் எழுதியது:

மட்டக்களப்புக் கோட்டையில் உங்கள் கோயில் கல் இருக்கிறது என்பதற்கு ஆதாரம்? ஏட்டில் இருக்கிறதா? காட்டமாட்டீர்கள்.

சம்மாந்துறைக் காக்கா எழுதியது:

கோட்டை புளியந்தீவில். பழைய மட்டக்களப்பு சம்மாந்துறையில். நான் எழுதியதை ஒருவரும் வாசிக்கவில்லை.

திருக்கோயில் பிள்ளை எழுதியது:

வைகாசிப் பூரணை வருகிறது. கண்ணகையம்மன் கோயில்களில் சடங்கு தொடங்கும். கதவு திறந்த பிறகு பூசை செய்யும் கட்டாடியார் பக்கத்தில் இருந்து உடுக்கு அடித்துக் கண்ணகி வழக்குரை பாடுவார்கள். சில ஊரில் ஏடு முன்னால் இருக்கும். நேசன் தம்பி சடங்கின் முடிவில் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திக்கு வந்து ஒரு இரவு முழுக்க இருந்து கேட்டுவிட்டுப் பிறகு எழுதட்டும்.

கோட்டைமுனை நேசன் எழுதியது:

வருஷா வருஷம் போகிறவன் நான். எங்கள் அம்மாவும் குளிர்த்திக்கு நேர்ந்துவிட்டவர்தான். பக்தி வேறு, சரித்திரம் வேறு. கேள்வி அப்படியே நிற்கிறது.

எழுத்தாணி எழுதியது:

படுவான்கரை அண்ணன், அம்மம்மா வீட்டில் மிச்சம் இருக்கிற ஏட்டில் எத்தனை ஓலை? கடைசி ஓலையில் எழுதியவர் பெயரோ வருஷமோ இருக்கிறதா? அதை மட்டும் சொல்லுங்கள், படம் வேண்டாம்.

படுவான்கரையான் எழுதியது:

எண்ணியது இல்லை. எண்ணினாலும் இங்கே எழுதமாட்டேன்.

ஆனால் ஒன்றைத் திரும்பவும் எழுதுகிறேன், அந்த மேடைக்காரர் வாசிக்கட்டும். எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்றால் ஓலை. அம்மம்மா அப்படித்தான் சொன்னார், அவருடைய அம்மாவும் அப்படித்தான் சொன்னார். அகராதி வந்து எங்களிடம் கேட்டு எழுதவேண்டும்.

கோட்டைமுனை நேசன் எழுதியது:

கல் எங்கே அண்ணன்?