கிரேட் 11 பாடத் தெரிவு (ஒன்ராறியோ): பிசினஸ் பாடங்கள் எத்தனை எடுக்கலாம், கோ-ஒப் தேவையோ?

மார்க்கம்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். மகள் கிரேட் 10 படிக்கிறா. அடுத்த வருசத்துப் பாடத் தெரிவை மைப்ளூபிரின்ட்டில (பாடம் தெரியிற இணையத்தளம்) போட்டு, அச்சடிச்ச தாளில நான் கையெழுத்து வைச்சுக் குடுக்க வேணும். வாற வெள்ளிக்கிழமை கடைசி நாள். பல்கலைக்கழகத்தில பிசினஸ்தான் படிப்பன் எண்டு நிக்கிறா. யோர்க்கின்ர சூலிக், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின்ர ரொட்மன் கொமர்ஸ் ரெண்டும் மனசில இருக்கு.

அவ போட்டிருக்கிற எட்டு: ஆங்கிலம், கணிதம், சட்டம், அக்கவுண்டிங், ஆந்த்ரப்ரனர்ஷிப், மார்க்கெட்டிங், கோ-ஒப் (வகுப்புக்குப் பதிலா வேலைத்தளத்தில செய்யிற பாடம்) ரெண்டு கிரெடிட், அதாவது ரெண்டு பாட அளவு. கணிதத்தில இப்ப 74. அதால "ஃபங்ஷன்ஸ்" பாடத்தை விட்டிட்டு, லேசு எண்டு பிள்ளையள் சொல்லுற "ஃபங்ஷன்ஸ் அண்ட் அப்ளிகேஷன்ஸ்" போட்டிருக்கிறா.

பள்ளிக்கூடத்திலயே இவ்வளவு பிசினஸ் பாடம் தேவையோ? பல்கலைக்கழகம் இதுகளை ஏறெடுத்தும் பாக்கிறேல்லை எண்டு சொந்தக்காரர் ஒருத்தர் அடிச்சுச் சொல்லுறார். கோ-ஒப்பில உண்மையான பலன் இருக்கோ, இல்லாட்டி அரை நாள் வீணோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

வழிகாட்டி_ஸ்காபரோ:

அக்கா, பிசினஸ் பாடங்களைப் பிறகு பாப்பம். முதல் அந்தக் கணிதத்தை மாத்துங்கோ. உங்கட பட்டியலில ஆபத்தான வரி அதுதான்.

மகள் போட்டிருக்கிற "ஃபங்ஷன்ஸ் அண்ட் அப்ளிகேஷன்ஸ்" பாடத்தின்ர குறியீடு எம்சிஎஃப்3எம். அதில இருந்து கிரேட் 12 டேட்டா மனேஜ்மென்ட்டுக்குப் போகலாம். கிரேட் 12 கணிதமான அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸுக்கு நேரடியாப் போக ஏலாது. அதுக்கு எம்சிஆர்3யு, அதாவது வெறும் "ஃபங்ஷன்ஸ்" வேணும். அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸ் இல்லாட்டிக் கல்குலஸும் இல்லை. ரொட்மன் கொமர்ஸ் கல்குலஸ் கேக்குது. சூலிக்கின்ர பிபிஏ (வணிகப் பட்டம்) அட்வான்ஸ்ட் ஃபங்ஷன்ஸோட கல்குலஸ் அல்லது டேட்டா மனேஜ்மென்ட் கேக்குது. ஆக, இந்த ஒரு தெரிவால ரெண்டு கதவும் கிரேட் 10இலயே மூடுப்படும். பள்ளிக்கூடம் தடுக்காது, ஏனெண்டால் உயர்நிலைப் பள்ளி டிப்ளோமா எடுக்க எம்சிஎஃப்3எம் போதும். பிழை தெரிய வாறது கிரேட் 12 செப்டம்பரில, விண்ணப்பம் நிரப்பக்கிள்ள.

74 எண்டது பயப்படுற புள்ளி இல்லை, ஆனா அப்பிடியே போய் இருக்கவும் கூடாது. ஃபங்ஷன்ஸில பிள்ளையள் விழுற இடம் புதுப் பாடம் இல்லை, கிரேட் 10 அல்ஜிப்ரா. காரணிப்படுத்தல், இருபடிச் சமன்பாடு, பின்னங்களைச் சுருக்கிறது இந்த மூண்டையும் கோடையில திருப்பிச் செய்விச்சால் முதல் ரெண்டு அலகும் ஓடும். கடைசியில வாற தொடர்கள், கூட்டுவட்டி, ஆண்டுத்தொகை அலகு பிசினஸ் படிக்கப் போற பிள்ளைக்கு நேரடியா உதவும்.

இனிப் பாடக் குறியீடு. முதல் மூண்டு எழுத்து பாடம். இலக்கம் வகுப்பு: 3 எண்டால் கிரேட் 11, 4 எண்டால் 12. கடைசி எழுத்துத்தான் முக்கியம். யு பல்கலைக்கழகத்துக்கு, எம் பல்கலைக்கழகம், கொலிஜ் (டிப்ளோமா தாற தொழிற்கல்லூரி) ரெண்டுக்கும், சி கொலிஜுக்கு, ஈ வேலைத்தளத்துக்கு, ஓ எல்லாருக்கும் திறந்தது. ஒன்ராறியோப் பல்கலைக்கழகங்கள் பாக்கிறது கிரேட் 12இல 4யு, 4எம் பாடங்களில சிறந்த ஆறு. சி வகையும் ஓ வகையும் அந்த ஆறுக்குள்ள வராது, கோ-ஒப்பும் வராது.

இப்ப மகளின்ர பட்டியலைப் பாருங்கோ. ஆந்த்ரப்ரனர்ஷிப் பிடிஐ3சி, மார்க்கெட்டிங் பிஎம்ஐ3சி. ரெண்டும் சி. கூடாத பாடங்கள் இல்லை, ஆனா எட்டுக்குள்ள ரெண்டு இடத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. சில பல்கலைக்கழகங்கள் ஆரம்ப அனுமதி ஒஃபருக்கு கிரேட் 11 யு, எம் புள்ளிகளையும் பாக்கிறதால யு/எம் பாடம் குறைஞ்சால் காட்டிறதுக்கும் குறைவு. ஆந்த்ரப்ரனர்ஷிப்பில உண்மையான ஆசை இருந்தால் ஒண்டை வைச்சிருங்கோ. ரெண்டும் வேண்டாம்.

அக்கவுண்டிங் (பிஏஎஃப்3எம்) இருக்கட்டும். கிரேட் 12 அக்கவுண்டிங்குக்கு (பிஏடி4எம்) அது முன்தேவை. மற்ற ரெண்டு கிரேட் 12 பிசினஸ் பாடம், பிஸினஸ் லீடர்ஷிப் (பிஓஎச்4எம்), இன்டர்நேஷனல் பிசினஸ் (பிபிபி4எம்), முன்தேவை எதுவும் இல்லாமலே எடுக்கலாம். கிரேட் 12 பொருளியலுக்கு 11யு ஆங்கிலமே போதும். அதால கிரேட் 11இல விட்டால் அடுத்த வருசம் இடிக்கிற பிசினஸ் பாடம் ஒண்டே ஒண்டுதான்.

உங்கட சொந்தக்காரர் சொன்னது அரைவாசி சரி. பிசினஸ் பட்டப்படிப்புக்கு உயர்நிலைப் பள்ளி பிசினஸ் பாடத்தைக் கட்டாயமாக் கேக்கிறது அரிது. கேக்கிறது ஆங்கிலமும் கணிதமும். ஆனா பிஏடி4எம், பிஓஎச்4எம் எல்லாம் அந்தச் சிறந்த ஆறுக்குள்ள எண்ணப்படும். "பாக்கிறேல்லை" எண்டது பிழை.

கணக்கப்பிள்ளை_மிசிசாகா:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பிஏஎஃப்3எம் பாடத்தை "ஈஸி மார்க்" என்று நினைத்துப் போகிற பிள்ளைகள் நவம்பரில் திண்டாடுவார்கள். இது அடுக்கடுக்காகப் போகும் பாடம். ஜர்னல் (அன்றாடப் பதிவேடு), லெட்ஜர் (கணக்குப் பேரேடு), டிரயல் பேலன்ஸ் (இரு பக்கமும் சமமா என்று பார்க்கும் பட்டியல்), வருமான அறிக்கை, இருப்புநிலைக் குறிப்பு என்று வரிசையாக வரும். இரண்டாவது வாரத்தில் டெபிட் (கணக்கின் இடப் பக்கம்), கிரெடிட் (வலப் பக்கம்) புரியாமல் விட்டால் பத்தாவது வாரம் வரை எல்லாமே தப்பாகத்தான் வரும்.

எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்தால், முதல் இடம் எச்எஸ்டி, அதாவது விற்பனை வரி. 200 டாலருக்குக் கடனில் சரக்கு விற்றால் ஒன்ராறியோவில் 13 சதவீதம் வரி, 26 டாலர். வாடிக்கையாளர் கணக்கில் டெபிட் 226, விற்பனையில் கிரெடிட் 200, எச்எஸ்டி பேயபிளில் (கட்டவேண்டிய வரிக் கணக்கு) கிரெடிட் 26. பிள்ளைகள் 226ஐயும் விற்பனையில் போட்டுவிடுவார்கள். வரி கடையின் வருமானமே இல்லை, அரசுக்குக் கட்டவேண்டிய கடன். அதேபோல 80 டாலருக்கு வாங்கும்போது கட்டிய 10.40 எச்எஸ்டியைச் செலவில் சேர்க்கக் கூடாது, திரும்பப் பெறக்கூடியதாகத் தனியே வைக்க வேண்டும். முடிவில் அரசுக்குப் போவது 26 கழித்தல் 10.40, அதாவது 15.60. இந்த ஒரு கணக்கை வீட்டில் தாளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சரியாக வந்தால் பாதிப் பாடம் புரிந்துவிட்டது.

இரண்டாவது, முதலாளி சொந்தச் செலவுக்கு எடுக்கும் பணம். அதைச் சம்பளச் செலவில் எழுதினால் லாபம் குறைந்து தெரியும். அது டிராயிங்ஸ், மூலதனத்திலிருந்து குறைய வேண்டியது.

டிரயல் பேலன்ஸ் ஒட்டவில்லை என்றால் முதலிலிருந்து எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு உட்காரத் தேவையில்லை. வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால் பெரும்பாலும் இலக்கம் இடம் மாறியிருக்கும். 540ஐ 450 என்று எழுதியிருந்தால் வித்தியாசம் 90. அது இல்லையென்றால் 2ஆல் வகுங்கள். வித்தியாசம் 128 என்றால் 64 டாலர் ஒன்று தப்பான பக்கத்தில் ஏறியிருக்கும். அதுவும் இல்லையென்றால் வித்தியாசத் தொகையையே லெட்ஜரில் தேடுங்கள், ஒரு கணக்கு முழுதாக விட்டுப்போயிருக்கலாம். ஒட்டிவிட்டது என்பதற்காக எல்லாம் சரி என்றும் இல்லை. அலுவலகச் சாமான் வாங்கியதை உபகரணக் கணக்கில் எழுதினாலும் இரு பக்கமும் சமமாகத்தான் இருக்கும்.

மதிப்பெண் 70 சதவீதம் பருவ வேலை, 30 சதவீதம் இறுதி மதிப்பீடு. பருவ வேலையில் இடிப்பது தேர்வை விட, பாதியில் விட்ட நீண்ட அசைன்மென்ட்தான். ஒரு கடையின் ஒரு மாதப் பரிவர்த்தனை முழுவதையும் எழுதச் சொல்வார்கள். கடைசி இரவில் அதை முடிக்க முடியாது.

ஒன்ராறியோ டிப்ளோமாவுக்கு இரண்டு ஆன்லைன் கிரெடிட் வேண்டும், பெற்றோர் படிவம் கொடுத்து விலக்கும் வாங்கலாம். ஆன்லைனில் எடுப்பதானால் வேறு எதையாவது எடுங்கள். முதல் கணக்கியல் பாடத்துக்கு எதிரில் நின்று திருத்தும் ஆசிரியர் வேண்டும்.

வேலைத்தள_வாத்தி:

கோ-ஒப் பற்றி. ஒரு கிரெடிட்டுக்கு 110 மணித்தியாலம், ரெண்டுக்கு 220. அதுக்குள்ள வேலைக்குப் போக முதல் வகுப்பில செய்யிற பகுதியும் அடங்கும்: வேலைத்தளப் பாதுகாப்பு, தொழிலாளர் உரிமை, ரெஸ்யூமே, நேர்முகம். பயண நேரம் எண்ணப்படாது. கூடுதலா சம்பளம் இல்லை.

வேலைக்குக் காலடி வைக்க முதல் வேலைக் கல்வி ஒப்பந்தப் படிவத்தில வேலை தாறவர், பள்ளிக்கூடம், பிள்ளை, 18 வயசுக்குக் கீழ எண்டால் பெற்றோர், எல்லாரும் கையெழுத்து வைக்க வேணும். சம்பளமில்லாமல் வேலை செய்யிற பிள்ளைக்கு விபத்துக் காப்புறுதி (டபிள்யூஎஸ்ஐபி) கிடைக்கிறது அந்தப் படிவத்தாலதான். படிவத்தில எழுதாத நாளில, எழுதாத நேரத்தில "சும்மா வா தங்கச்சி, இண்டைக்கு ஆள் குறைவு" எண்டு கூப்பிட்டால் போகக் கூடாது. ஆசிரியருக்குச் சொல்லி எழுத்தில மாத்தின பிறகுதான் போக வேணும்.

கோ-ஒப்பை ஒரு பாடத்தோட இணைக்கிறது வழமை. அந்தப் பாடத்தை முதலே முடிச்சிருக்க வேணும், அல்லது கூடவே படிக்க வேணும். பாடத்தோட இணைக்காமல் தனியா நிக்கிற கோ-ஒப் பாடமும் இருக்கு, ஆனா பிசினஸ் நோக்கம் உள்ள பிள்ளைக்கு இணைச்சதுதான் நல்லது. அதால மகளுக்கு என்ர யோசனை: முதல் செமஸ்டர் அக்கவுண்டிங், ரெண்டாவது செமஸ்டர் கோ-ஒப். இதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. தனிநபர் வருமானவரிப் பத்திரம் ஏப்ரல் 30க்குள்ள போக வேணும். பெப்ரவரியில இருந்து ஏப்ரல் முடியிற வரைக்கும் சின்னக் கணக்காளர் அலுவலகங்களுக்கு ஆள் தேவை. ரி4 சிலிப்பை (வருசச் சம்பளம் காட்டுற தாள்) அடுக்கிறது, விடுபட்ட ரசீதுக்கு வாடிக்கையாளருக்கு ஃபோன் எடுக்கிறது, ஸ்கான் பண்ணிக் கோப்புக்குப் பேர் வைக்கிறது எல்லாம் பிள்ளைக்குக் குடுக்கக்கூடிய வேலை. செப்டம்பரில அதே அலுவலகத்துக்குப் போனால் கதிரையில இருந்து ஃபோன் பாத்துக்கொண்டு இருக்க வேண்டி வரும். நேர அட்டவணை பள்ளிக்கூடம் போடுறது, கேட்டது கிடைக்கும் எண்டு உறுதி இல்லை. பள்ளிக்கூடக் கைடன்ஸில (பாட ஆலோசனை அலுவலகம்) இப்பவே எழுத்தில கேட்டு வையுங்கோ.

சித்தப்பாவின்ர கடை, மாமாவின்ர ரியல் எஸ்டேட் அலுவலகம் எண்டு நினைக்காதேங்கோ. குடும்பத்தாரின்ர கீழ கோ-ஒப் செய்யிறதைப் பள்ளிக்கூடங்கள் பொதுவா விடுறேல்லை. மதிப்பீட்டைத் தாய்மாமன் எழுதினால் ஆர் நம்புவினம்?

இன்னொண்டு. மகளின்ர பள்ளிக்கூடத்தில பிசினஸ் எஸ்எச்எஸ்எம் (ஒரு துறையில சிறப்புத் தேர்ச்சித் திட்டம்) இருக்கோ எண்டு கேளுங்கோ. கிரேட் 11, 12இல 8 தொடக்கம் 10 கிரெடிட் ஒரு தொகுப்பா எடுக்கிற திட்டம். கோ-ஒப்பும் அதுக்குள்ள அடங்கும், முதலுதவி போன்ற சான்றிதழ்ப் பயிற்சிகளும் வரும், டிப்ளோமாவில சிவப்பு முத்திரையும் விழும். கோ-ஒப் எடுக்கத்தான் போறா எண்டால் இதுக்குள்ளால எடுக்கிறது லாபம்.

கொலிஜ்_பக்கம்:

எல்லாரும் பல்கலைக்கழகக் கண்ணாடி போட்டுக்கொண்டு சி பாடங்களைத் தட்டி விடுறியள். இந்த அம்மாவின்ர பிள்ளைக்கு நீங்கள் சொன்னது சரி. ஆனா வாசிக்கிற மற்றவைக்கு: கொலிஜில பிசினஸ் டிப்ளோமா செய்யப் போற பிள்ளைக்கு பிடிஐ3சி, பிஎம்ஐ3சி ரெண்டும் நல்ல பாடங்கள். பிடிஐ3சியில முழு வியாபாரத் திட்டம் ஒண்டு எழுத வைப்பினம். நல்ல ஆசிரியர் எண்டால் "ஒரு பொருளுக்கு என்ன செலவு, எத்தனை வித்தால் முதல் திரும்பும்" எண்டதைப் பிள்ளை தானே கணக்குப் போடும்.

கிரேட் 9, 10 பிள்ளையள் உள்ளவை கவனியுங்கோ: பழைய இன்ட்ரொடக்ஷன் டு பிசினஸ் இப்ப இல்லை. 2024 செப்டம்பரில இருந்து கிரேட் 9க்கு பிஈஎம்1ஓ, கிரேட் 10க்கு பிஈபி2ஓ. மூத்த பிள்ளையின்ர பழைய குறிப்பைத் தம்பிக்குக் குடுத்தால் பொருந்தாது.

மார்க்கம்_அம்மா:

எல்லாருக்கும் பெரிய நன்றி. கணிதத்தை ஃபங்ஷன்ஸுக்கு மாத்தியாச்சு, கொஞ்சம் அழுகையோட. மார்க்கெட்டிங்கை விட்டிட்டு உயிரியல் போட்டிருக்கு. ரெண்டு கேள்வி: ஃபங்ஷன்ஸ் உண்மையாகவே ஏலாமல் போனால் இடையில விடலாமோ, அது பதிவில விழுமோ? மற்றது, டெக்கா எண்டு ஒரு கிளப்பில சேரப்போறன் எண்டுறா. அது பாடமோ?

வழிகாட்டி_ஸ்காபரோ:

விடலாம், திகதி பாத்து. கிரேட் 11, 12 பாடங்களில இடைப்பருவ ரிப்போர்ட் கார்ட் வந்து ஐந்து பள்ளி நாளுக்குள்ள விலகினால் டிரான்ஸ்கிரிப்டில எதுவும் வராது. அதுக்குப் பிறகு விலகினால் அண்டைய புள்ளியோட "டபிள்யூ" விழும். முதல் செமஸ்டரில இடைப்பருவக் கார்ட் பெரும்பாலும் நவம்பர் நடுப்பகுதி. அதுக்கு முதலே ரெண்டு சோதனைப் புள்ளி கையில இருக்கும், அதை வைச்சு முடிவெடுங்கோ. முடிச்ச பாடத்தைத் திருப்பி எடுத்தால் ரெண்டு புள்ளியும் பதிவில நிக்கும், கிரெடிட் ஒண்டுதான்.

டெக்கா பாடம் இல்லை, பிசினஸ் போட்டி. கிரெடிட் கிடையாது. தனி ஆளாப் போட்டியிடுற பிரிவுகளில 100 கேள்விப் பரீட்சை ஒண்டும், 10 நிமிசம் ஆயத்தப்படுத்தி நடுவருக்கு முன்னால 10 நிமிசம் கதைக்கிற ரோல்-பிளேயும் இருக்கும். சூலிக் போல துணை விண்ணப்பம் கேக்கிற இடங்களில எழுதுறதுக்கு விசயம் கிடைக்கும். ஆனா மாகாணச் சுற்றுக்குப் போனால் பயணமும் ஹோட்டலும் காசு. முதலே கிளப் ஆசிரியரிட்ட கேட்டு வையுங்கோ.

தாளில "மாற்றுப் பாடம்" எண்டு ஒரு கட்டம் இருக்கும், அதை வெறுமையா விடாதேங்கோ. போதிய பிள்ளையள் சேராமல் அக்கவுண்டிங் வகுப்பு ரத்தானால், அல்லது கோ-ஒப்போட நேரம் முட்டினால், அந்தக் கட்டத்தில இருந்துதான் எடுப்பினம். வெறுமையா இருந்தால் இடம் இருக்கிற ஏதோ ஒரு பாடத்தில போட்டு விடுவினம். கிரேட் 11 வேதியியலையோ வேறொரு யு/எம் பாடத்தையோ போட்டுக் குடுங்கோ.