இரண்டாம் சார்லஸின் நோய்க்குக் காரணம் சொந்தத்துக்குள் கல்யாணமா?

கரிசல்காடு:
சொத்து வெளியே போகக் கூடாதென்று, ஸ்பெயினையும் ஆஸ்திரியாவையும் ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தார் சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்தார்கள். விளைவு, ஸ்பெயின் மன்னர் இரண்டாம் சார்லஸ் (1661–1700). கீழ்த்தாடை துருத்திக்கொண்டு பல்வரிசை சேராது, சாப்பாட்டை மெல்ல முடியாது. நாலு வயதுவரை பேச்சில்லை. இரண்டு கல்யாணம் செய்தும் வாரிசு இல்லை. இங்கிலாந்து ராணி விக்டோரியா வம்சத்து ஹீமோபிலியாவும் (ரத்தம் உறையாத நோய்) இதே கதைதான்.

நாகப்பழம்:
சார்லஸின் அப்பா நான்காம் பிலிப் கட்டியது தங்கை மகளை. நம்மூரில் அக்கா மகளைக் கட்டிய தாய்மாமன்கள் எத்தனை பேர்! அவர்கள் பிள்ளைகள் எல்லாம் சார்லஸ் மாதிரியா இருக்கிறார்கள்? வெலாஸ்கஸ் 1656இல் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' ஓவியத்தில் நடுவில் நிற்கும் சிறுமி மார்கரீட்டா, சார்லஸின் கூடப்பிறந்த அக்கா. அவருக்குத் தம்பியின் கோளாறு எதுவும் இல்லையே?

குழல்விளக்கு:
கரிசல்காடு அண்ணே, ஹீமோபிலியாவை இதில் சேர்க்காதீர்கள். அந்த ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அது அம்மா கொடுப்பது. அப்பா சொந்தமா அசலா என்பதே அங்கே பேச்சில்லை. ஸ்பெயினின் 13ஆம் அல்ஃபோன்சோ 1906இல் விக்டோரியாவின் பேத்தியைக் கட்டினார். நெருங்கிய உறவில்லை. இருந்தும் இரண்டு மகன்களுக்கு அந்த நோய். இளையவர் கொன்சாலோ 1934இல் ஒரு கார் விபத்தில் சிக்கினார். பெரிய காயம் தெரியவில்லை, உள்ளுக்குள் ரத்தம் கசிந்தே போய்விட்டார். வயது 19.

நாகப்பழத்துக்கு: தாய்மாமன் கல்யாணத்தில், ஒரே முன்னோரின் ஒரே ஜீன் இரண்டு பக்கமும் பிள்ளைக்கு வந்து சேரும் வாய்ப்பு 12.5 சதவீதம். 2009இல் வெளியான ஆய்வு சார்லஸுக்குக் கணக்கிட்டது 25.4. அண்ணன் தங்கைக்கே குழந்தை பிறந்தாலும் 25தான்! பாதி, அப்பா அம்மா உறவால் வந்தது. மீதி, முந்தைய தலைமுறைகள் ஏற்றி வைத்த வட்டி.

நாகப்பழம்:
அக்காவுக்கும் அதே 25.4 தானே சார்? அதைத்தானே கேட்டேன்.

குழல்விளக்கு:
அது வாய்ப்புக் கணக்கு, தீர்ப்பு இல்லை. அப்பா அம்மா இருவரும் ஒரு ஒடுங்கு ஜீனை (இரண்டு பக்கமும் வந்தால்தான் வேலையைக் காட்டும் ஜீன்) ஒளித்து வைத்திருந்தால் நாலில் ஒரு பிள்ளைக்கு நோய் வரலாம். மார்கரீட்டா தப்பித்தார். ஆனால் அவரையும் தாய்மாமன் லியோபோல்டுக்கே கட்டி வைத்தார்கள். 21 வயதில் இறந்தார். பெற்ற நாலில் குழந்தைப்பருவம் தாண்டியது ஒன்றே ஒன்று.

கரிசல்காடு:
அதைச் சொல்லுங்கள்! அந்த ஆய்விலேயே இருக்கிறது: 1527 முதல் 1661 வரை அரண்மனையில் பிறந்த 34 குழந்தைகளில் பத்து வயதைத் தாண்டியது பாதிதான்.

நாகப்பழம்:
அந்தக் காலத்து அரண்மனை வைத்தியம் உங்களுக்குத் தெரியாததா? காய்ச்சல் என்றாலும் ரத்தத்தை வடிப்பார்கள். வைத்தியர் கிட்டே வராத ஏழைக் குழந்தை பிழைத்திருக்கும்.

குழல்விளக்கு:
சரி, வைத்தியர்தான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். வம்சம் முழுக்க அதே மாதிரி வைத்தியம்தான். அதற்குள்ளேயும் உறவு நெருங்க நெருங்க, பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் குறைந்திருக்கிறார்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?